நான்கு நாள் கழித்துச் சொன்னேன்

1

முதல் வளைவு தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். லயத்து வீடுகளைப் பனி மூடியிருந்தது. நான் வேலை பார்த்த டிரஸ்ஸர் வீட்டுத் தகரக் கூரை கொஞ்சம் தெரிந்தது, அதுவும் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால். தோளில் ஒரு பை, கையில் குடை. பைக்குள் அந்த வீட்டு மகள் கலைவாணி கட்டிக்கொடுத்த சோறு முதுகில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது.

நான் நிறைய இடங்களை விட்டு நடந்தவன். அறந்தாங்கியில் எட்டாம் வகுப்பை விட்டேன். திருப்பூரில் சாயப்பட்டறையை விட்டேன். மலேசியா வந்த பிறகு கிள்ளானில் சாப்பாட்டுக் கடை, தெலுக் இந்தானில் செம்பனைத் தோட்டம், பிறகு இந்தக் குளிர் மலையில் திரிங்காப்பில் காய்கறித் தோட்டம். எதை விட்டு வரும்போதும் கால் தயங்கியதில்லை. இந்த முறை இறக்கத்தில்கூட மெதுவாகத்தான் நடந்தேன்.

எதிரே தேயிலை பார்க்க வருகிறவர்களின் கார்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு கார் நின்றது. ஒரு குடும்பம் இறங்கி, என்னைக் கொழுந்து எடுக்கிறவன் என்று நினைத்து, செடிகளுக்கு நடுவில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டது. நான் ஒரு கொழுந்துகூட எடுத்ததில்லை. விளக்கிச் சொல்ல அன்றைக்குத் தெம்பில்லை. நின்றேன், சிரித்தேன்.

கைபேசியில் நர்ஸ் புஷ்பாவின் குரல் செய்தி ஒன்று காலையிலிருந்து கிடந்தது. மூன்று நிமிடம் பத்து விநாடி. ஆறு வாரமாக என்னோடு பேசாதவர் மூன்று நிமிடம் என்ன பேசியிருப்பார்? கேட்கப் பயமாக இருந்தது.

இரண்டாவது வளைவில் ஒரு மதகுக் கட்டை இருக்கிறது. அதில் உட்கார்ந்து இடது காலணியைக் கழற்றினேன், காலுறையைக் கழற்றினேன். விரல் இடுக்குகளைப் பார்த்தேன், பாதத்தின் அடியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எனக்குச் சர்க்கரையும் இல்லை. ஆனாலும் இந்த ஆறு வாரமாகக் காலுறை போட்ட எந்தக் காலைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

2

என் வேலையை ஊரில் என் தம்பிக்கு ஒருமுறை சொன்னேன். "கடல் தாண்டிப் போயி பீத்துணி அலசுற வேலையா அண்ணே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள இங்கே சிறு கம்பெனிகள் ஆள் அனுப்புகின்றன. படித்த நர்ஸ் வாரத்துக்கு மூன்று நாள் வருவார். சர்க்கரை பார்ப்பது, புண் கட்டுவது, கால் பார்ப்பது அவர் பொறுப்பு. குளிப்பாட்ட, ஊட்ட, புரட்டிப் படுக்க வைக்க என்னைப் போல் ஒருவன் தினமும் காலை ஏழிலிருந்து மாலை ஐந்துவரை. ஞாயிறு விடுமுறை. யார் என்ன செய்தாலும் கட்டில் பக்கத்தில் தொங்கும் புத்தகத்தில் எழுத வேண்டும்.

என்னிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. நான் படித்தது என் மனைவி செல்வியின் கட்டிலில். செல்வி இந்த நாட்டுப் பெண், ஈப்போக்காரி. திரிங்காப்பில் நாங்கள் இருந்தபோது புற்று வந்து இரண்டு வருடம் படுத்திருந்தாள். அப்போது வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ்தான் புஷ்பா. பீடோர்க்காரர். பழைய மோட்டாரில் மலைச் சாலையில் மழையோடு வருவார். வந்ததும் முதலில் என்னைத்தான் திட்டுவார்.

"அண்ணே, இதென்ன தண்ணி? கோழி உரிக்கப் போறீங்களா?"

"கையை வச்சுப் பாத்தேனே, சூடு இல்லையே சிஸ்டர்."

"மம்பட்டி புடிச்ச கைக்கு என்னா தெரியும்? முழங்கைய வைங்கலா. முழங்கைதான் பிள்ளை மாதிரி, உள்ளதைச் சொல்லும்."

அன்றிலிருந்து எந்தத் தண்ணீரிலும் முழங்கையை வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு உடம்பை வலிக்காமல் புரட்டுவது எப்படி, மலம் துடைக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்காமல் வேறு ஏதாவது பேசிக்கொண்டே துடைப்பது எப்படி, எல்லாம் அவர் சொல்லித் தந்தது. செல்வி போன பிறகு கடைசியாகக் குளிப்பாட்டியதும் புஷ்பாதான். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, கதவுக்குள்ளிருந்து செல்வியோடு பேசிக்கொண்டே குளிப்பாட்டினார். "கைய தூக்குமா, அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு." அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனவரும் அவர்தான். "இவரு கைக்கு நான் பொறுப்பு மேடம்" என்றார்.

3

பதினான்கு மாதம் முன்பு எங்கள் இருவரையும் டிரஸ்ஸர் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தோட்டத்து மருத்துவ அறையில் டாக்டருக்குப் பதிலாக இருந்து காய்ச்சலுக்கு மருந்து, வெட்டுக்குத் தையல், பிரசவத்துக்கு உதவி என்று எல்லாம் பார்த்தவரை இங்கே டிரஸ்ஸர் என்பார்கள். அவர் பெயர் அர்ச்சுனன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் யாரையும் கேட்டதில்லை. முப்பது வருடம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து நாக்கை நீட்டச் சொன்னவர். இப்போது பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து, சர்க்கரையும் சேர்ந்து, மகள் கலைவாணியின் வீட்டில் கட்டிலில் கிடந்தார். பேச்சு கொஞ்சம் குழறும். கிண்டல் குழறாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த என்னை ஊர்க்காரன் என்றுதான் கூப்பிடுவார்.

"ஏய் ஊர்க்காரா, எத்தனாவது படிச்சே?"

"எட்டாவதுங்க ஐயா."

"அதான் பவுடர் போடுறப்ப சுவத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடிக்கிற."

கலைவாணி தேயிலை பொட்டலம் கட்டும் இடத்தில் வேலை. காலையில் போனால் மாலைதான். வெள்ளிக்கிழமை புஷ்பா வருவார் என்று நெத்திலிச் சம்பால் செய்து மூடி வைத்துவிட்டுப் போவார். புஷ்பா வந்தால் டிரஸ்ஸருக்கும் தனிக் களை. "மிஸி வந்தாச்சா? என் ஊசிய எடுத்து வை" என்று நர்ஸையே அதிகாரம் செய்வார். புஷ்பாவும் "எஸ் ஐயா" என்று விறைத்து நிற்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் டிரஸ்ஸர் பிடிவாதம். காலுறையைக் கழற்ற விடமாட்டார். மலைக் குளிர் அவருக்குக் காலில்தான் ஏறும். தினமும் கால் பார்க்க வேண்டும், புஷ்பா வராத நாளில் நான்; புத்தகத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. முதல் சில மாதம் சண்டை போட்டுக் கழற்றிப் பார்த்தோம். பிறகு ஒரு மழை நாளில் புஷ்பா காலுறைக்கு மேலாகவே தடவிப் பார்த்துவிட்டுக் கட்டத்தில் 'பாயிக்' என்று எழுதினார். மலாயில் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

"மேல எழுதியிருக்குல்ல, பாத்து கீழ எழுதிக்கங்க அண்ணே. தெனமும் குளுருல கெழவரைப் படுத்த வேணாம்."

மேலே பார்த்துக் கீழே எழுதுவது எனக்குச் சுலபம். மலாய் எழுத்து எனக்குச் சரளமாக வராது. ஒரு சொல்லைப் பார்த்து வரைவதில் என்ன கஷ்டம்? இரண்டு மாதம் நானும் வரைந்தேன். பாயிக், பாயிக், பாயிக்.

4

ஒரு புதன்கிழமை பிற்பகல் பெரிய மழை. புஷ்பா வந்திருந்தார். பெம்பர்ஸ் தீர்ந்துபோனதால் நான் பிரிஞ்சாங்குக்குப் போய் வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது புஷ்பா மழைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைக்கு மூன்றாவது வீடு பாக்கி இருந்தது.

"கால் ஜில்லுன்னு இருக்குன்னாரு. சுடுதண்ணிப் பை வச்சிருக்கேன். கொஞ்ச நேரத்துல எடுத்துருங்க" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து எடுத்தேன். பை வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு காலுக்கும் நடுவில் வைத்ததாக அவர் பிறகு சொன்னார். நான் எடுத்தபோது வலது கால் ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. சூடு தெரிந்து தானே விலகிக்கொண்டது. இடது கால் பையின்மேல் சாய்ந்து கிடந்தது. அந்தக் காலுக்கு எதுவும் தெரியாது. எனக்கும் அப்போது எதுவும் உறைக்கவில்லை.

வியாழன் காலை காலுறையில் ஈரம். கழற்றினேன். சுண்டு விரலும் அடுத்த விரலும் பாதத்தோடு சேரும் இடத்தில் ரம்புத்தான் பழம் அளவுக்குக் கொப்புளம். பாதி உடைந்திருந்தது.

டிரஸ்ஸர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு பட்டுருச்சா?"

"ஆமாங்கய்யா."

"வாசனை வருதா?"

குனிந்து முகர்ந்தேன். "இல்லைங்கய்யா."

"அப்ப மூடு."

புஷ்பாவைக் கூப்பிட்டேன். கொப்புளத்தைச் சொன்னேன். "முழங்கை வச்சுப் பாக்கலண்ணே" என்றார். மறுபடியும், "பாக்கல. பையனுக்குக் காய்ச்சல்னு அம்மா போன் பண்ணுச்சு, கெளம்புற அவசரம்." பிறகு, "யார்ட்டயும் சொல்லிறாதீங்க. நான் வந்து பாத்துக்கிறேன். சரி பண்ணிருவேன்."

வெள்ளி வந்தார். சம்பாலைத் தொடவில்லை. கொப்புளத்தைச் சுத்தம் செய்து மருந்து வைத்து, பூப்போல் கட்டினார். அப்படிக் கட்ட இந்த மலையில் ஆள் கிடையாது. பிறகு கட்டின் மேலே காலுறையை மாட்டினார். புத்தகத்தை எடுத்தார். புதன், வியாழன், வெள்ளி மூன்று கட்டத்திலும் 'பாயிக்' என்று எழுதினார். புதன் கட்டம் அவருடையது. வியாழன் என்னுடையது. நான் காலியாக விட்டிருந்தேன்.

நான் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

5

சனிக்கிழமை டிரஸ்ஸரிடம் சொன்னேன். "ஐயா, கலைவாணிகிட்ட சொல்லிரலாங்கய்யா."

"விடுறா. அந்த மிஸி புள்ளக்காரி."

"உங்க கால்ங்கய்யா."

"என் காலுதான? உன் காலா? நடக்கப் போற காலா அது?"

"நீங்க டிரஸ்ஸரா இருந்தப்ப இப்படி ஒருத்தன் வந்து மூடி வைங்கன்னு சொன்னா கேட்டிருப்பீங்களா?"

கூரையைப் பார்த்தார். "தேத்தண்ணி போடு" என்றார்.

நோயாளியே வேண்டாம் என்கிறார், நானென்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வசதியான காரணம். உண்மைக் காரணம் கதவுக்குள்ளிருந்து கேட்ட அந்தக் குரல். கைய தூக்குமா, அவ்வளவுதான்.

ஞாயிறு பகலில் என் மகள் யாழினியைக் கூப்பிட்டேன். ஜொகூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேசுவாள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். அவ்வளவுதான் எங்களுக்குள் மிஞ்சியிருந்தது. அவளுக்குத் தமிழ் தேய்ந்துகொண்டு வருகிறது, எனக்கு அவள் பேசும் மலாய் வேகம் பிடிபடாது. இந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது. மகளின் குரல் இல்லை, வேலையில் இருக்கும் நர்ஸின் குரல்.

"பா, எப்ப பாத்தீங்க?"

"வியாழக்கிழமை காலையில."

"இன்னிக்கு என்ன நாள்?"

"ஞாயித்துக்கிழமை."

"அந்தத் தாத்தாக்குச் சர்க்கரை இருக்குல?"

"இருக்கும்மா."

"அம்மாக்கு இப்படி ஆயிருந்தா இத்தன நாள் சும்மா இருப்பீங்களாபா?"

"அந்த நர்ஸ் யாருன்னா, புஷ்பாம்மா" என்றேன்.

"புஷ்பா ஆன்டியா?" மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அவங்க நல்லவங்கபா."

"ஆமா."

"நல்லவங்கனாலும் சொல்லணும்பா. இப்பவே சொல்லுங்க."

அவள் இப்பவே என்றாள். நான் இன்னும் ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் புஷ்பாவிடம் சொல்லாமல் அவரைப் பற்றி இன்னொருவரிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூப்பிட்டேன்.

"சிஸ்டர், நீங்களே சொல்லிருங்க. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குள்ள. இல்லைன்னா நான் கலைவாணிகிட்ட சொல்லிருவேன்."

"உங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்தது நானுண்ணே."

"ஆமா."

"உங்க சம்சாரத்தைக் குளிப்பாட்டினது நானு."

"ஆமா, சிஸ்டர்."

"அப்புறம் எப்படிலா இப்படிப் பேசுறீங்க?"

"நீங்க சொல்லித் தந்ததைத்தான் பேசுறேன்."

வைத்துவிட்டார்.

திங்கள் காலை ஏழு மணிக்கு நான் உள்ளே நுழைந்தபோது டிரஸ்ஸர் விழித்திருந்தார். நான் கட்டைத் தொடுவதற்கு முன்பே, "முகராத. வேணாம். எனக்கே வருது" என்றார். பிறகு, என் கையைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டு, "போ. சொல்லு" என்றார்.

கலைவாணி சட்டைக்கு மேல் வேலை ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தார். புஷ்பா சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன்.

6

முதலில் கலைவாணிக்குக் கோபம் என்மேல்தான். "சிஸ்டர் வேணும்னா செஞ்சாங்க? நீங்க வியாழக்கெழமையே வாயத் தொறந்திருக்கலாம்ல? நான் தெனமும் சாயங்காலம் அந்தக் காலு பக்கத்துல உக்காந்துதான் சோறு ஊட்டினேன்!" என்று கத்தினார். கத்திக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

டிரஸ்ஸரை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். இரண்டு விரல் போயிற்று. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அன்றைக்கே கொண்டு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கலைவாணி கேட்டாராம். டாக்டர் அதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லையாம். அந்தப் பதில் சொல்லாமை எனக்குப் போதுமாக இருந்தது.

அதே திங்கள் பிற்பகல் பிரிஞ்சாங்கில் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். மேடம் ஒரு சீனப் பெண்மணி. போராங் ஒன்றை எடுத்துப் போட்டார், அதாவது புகார்ப் படிவம். இந்த நாட்டில் எதற்கும் போராங் உண்டு. என்னால் மலாய் பேச முடியும், எழுத முடியாது. நான் சொல்ல அவர் எழுதினார்.

புகாருக்கு உள்ளானவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி. என் மனைவியைப் பார்த்தவர், தங்கை மாதிரி, எனக்கு வேலை கற்றுத் தந்தவர் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தச் சின்னக் கட்டத்தில் இரண்டே சொல் எழுதினார். சக ஊழியர்.

அடுத்து பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம். பார்த்த நாள், நேரம். சொன்ன நாள், நேரம்.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். இன்றைக்குக் காலைதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? புத்தகத்தில் வியாழக்கிழமை என் கட்டத்தில்கூட பாயிக் என்றுதான் இருந்தது, அதுவும் என் கையெழுத்தில்லை. கலைவாணிகூட கோபம் தணிந்தால் விட்டுவிடுவார்.

எனக்குத் திருப்பூர் ஞாபகம் வந்தது. சாயப்பட்டறையில் என் பக்கத்துத் தொட்டியில் நின்ற முருகேசனுக்குக் கொதிக்கும் சாயத்தில் கை வெந்தது. தொட்டியின் மூடி இற்றுப்போயிருந்தது, எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி எங்களை வரிசையாக நிற்க வைத்து, அவனே விளையாட்டாகக் கையை விட்டான் என்று சொல்லச் சொன்னார். ஆறு பேர் சொன்னோம். நான் நான்காவதாகச் சொன்னேன். மறுநாள் அங்கிருந்து நடந்துவிட்டேன். நடந்துவிட்டால் முடிந்தது என்று அப்போது நினைத்தேன். முருகேசன் எங்கே இருக்கிறானோ, எந்தக் கையால் சாப்பிடுகிறானோ தெரியாது.

"வியாழக்கிழமை காலை ஏழரை" என்றேன். "சொன்னது திங்கள் காலை ஏழு."

மேடத்தின் பேனா நின்றது. "எம்பாட் ஹாரி?" என்றார். நான்கு நாளா?

"ஆமா மேடம். இன்னொண்ணும் எழுதுங்க. ரெண்டு மாசமா நானும் கால் பாக்காமலே எழுதுனேன். மேல பாத்துக் கீழ வரைஞ்சேன்."

"இது உங்களுக்கே எதிராகப் போகும்" என்றார் மலாயில், மெதுவாக.

"தெரியும்" என்றேன். கீழே வந்து இரும்புக் கடை வாசலில் நின்று ஒரு தேத்தண்ணி குடித்தேன். தேத்தண்ணி நன்றாக இருந்தது.

புஷ்பாவை அன்றே நிறுத்தி வைத்தார்கள். விசாரணை நடந்தது. ஆபீசில் கேட்டபோது புஷ்பா எதையும் மறுக்கவில்லை என்று மேடம் சொன்னார். அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. டிரஸ்ஸர் வீடு திரும்பிய பிறகும் முடிவு வரும்வரை என்னையே வரச் சொன்னார்கள். புதிதாக வந்த நர்ஸ் நல்லவர், சின்னப் பெண். டிரஸ்ஸர் அவரிடம் ஊசியை எடுத்து வை என்று அதிகாரம் செய்யவில்லை. அந்தப் பெண் காலுறையைக் கழற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான்.

யாழினி இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுகிறாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பதில்லை. "தாத்தா கால் எப்படிபா? கறுப்பா ஏதாச்சும் இருக்கா? போட்டோ அனுப்புங்க" என்கிறாள். ஒரு நாள், "பா, நீங்க நல்லா கட்டியிருக்கீங்க" என்றாள். அந்தக் கட்டு புஷ்பா கற்றுத் தந்தது என்று நான் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஆறாவது வாரம் எனக்குக் கடிதம் வந்தது. பார்த்த அன்றே சொல்லாததற்கும், பார்க்காமல் எழுதியதற்கும் வேலை நீக்கம். படித்துச் சொன்னது கலைவாணி. மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், சோறு கட்ட ஆரம்பித்தார்.

டிரஸ்ஸரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

"எட்டு விரலு பத்தாதாடா ஒருத்தனுக்கு?" என்றார். "பத்தும். நீ போ." நான் வாசல்வரை போன பிறகு, "ஊர்க்காரா" என்று கூப்பிட்டார். "அந்த மிஸி சாப்பிடுதான்னு கேளு."

7

அன்று மாலை பிரிஞ்சாங்கில் காய்கறி லாரி ஓட்டும் நண்பர் ஒருவரின் அறையில் தங்கினேன். கலைவாணி கட்டித் தந்த சோற்றைப் பிரித்தால் நடுவில் நெத்திலிச் சம்பால். வெள்ளிக்கிழமைச் சம்பால்.

மறுநாள் காலை தானா ராத்தா பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல், கடைசியில் குரல் செய்தியைக் காதில் வைத்தேன்.

முதல் ஒரு நிமிடம் திட்டுதான். "உங்க மேல கோவம் இருக்குண்ணே. போகாது. நீங்களும் போகச் சொல்லாதீங்க." பிறகு லாரி ஒன்று போகும் சத்தம். பிறகு, "அந்தப் புத்தகத்துல உங்க கட்டத்துல நான் எழுதுனேன்ல, அதான் எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. புண்ணு கூட இல்ல, அதுதான்." "இப்ப தாப்பாவுல ஒரு கடையில கவுண்டர்ல நிக்கிறேன். விசாரணைக் கடிதம் வர்ற வரைக்கும் மிஸி வேலை பாக்கக் கூடாது. வீட்டுல அம்மாக்குச் சர்க்கரை. பகல்ல ஆளில்ல. ரெண்டு பேரை வச்சுப் பாத்தேன். ரெண்டு பேரும் கால் நல்லாருக்கு நல்லாருக்குங்கிறாங்க, குனியவே இல்லலா. நீங்க வாங்க. வரலன்னா வேணாம்."

வர்றேன் என்று மட்டும் ஒரு குரல் செய்தி அனுப்பிவிட்டுத் தாப்பா பஸ்ஸில் ஏறினேன். மலை இறங்க இறங்க ஜாக்கெட்டைக் கழற்றினேன், பிறகு காலணிக்குள் வியர்த்தது. தாப்பாவில் பஸ் மாறி, பீடோரில் இறங்கி அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. புஷ்பா கடைச் சட்டையோடு வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தார். மெலிந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாப்பிடுறீங்களான்னு டிரஸ்ஸர் கேக்கச் சொன்னாரு" என்றேன்.

அவர் சட்டென்று உள்ளே திரும்பிக்கொண்டார். "தண்ணி வச்சிருக்கேன். பாருங்க" என்றார்.

அவர் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பேசின். பீடோர் வெயிலில் யாரும் காலுறை போடுவதில்லை, கழற்ற ஒன்றுமில்லை. பேசினில் முழங்கையை வைத்தேன். கொஞ்சம் சூடு. பச்சைத் தண்ணீர் கலந்தேன். மறுபடி வைத்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து வலது காலை மடியில் எடுத்துக்கொண்டேன்.

"யாருடி இவன்? வந்ததும் காலைப் புடிக்கிறான்?" என்றார் அம்மா.

"வேலைக்கு வந்திருக்காரும்மா. சும்மா இரு."

வலது காலில் ஒன்றுமில்லை. இடது காலில் விரல் இடுக்கு சுத்தம். குதிகாலின் பின்பக்கம், தரையில் வைத்தால் தெரியாத இடத்தில், நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. விளிம்பு லேசாகச் சிவந்திருந்தது.

"சிஸ்டர், இங்க ஒரு வெடிப்பு இருக்கு."

"தெரியும்" என்றார் வாசலிலிருந்து. "முந்தாநாளே பாத்தேன். நீங்க பாப்பீங்களான்னு பாத்தேன்."

பிறகு வந்து, ஒரு பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகத்தை என் பக்கத்தில் வைத்தார். முதல் பக்கத்தில் அளவுகோலால் கோடு போட்டு, தமிழிலேயே தலைப்பு எழுதியிருந்தார். பார்த்த நேரம். சொன்ன நேரம். மற்ற கட்டமெல்லாம் காலி. மேலே பார்த்து வரைய ஒரு சொல்கூட இல்லை.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினேன். இடது குதிகால், வெடிப்பு, சிவப்பு. பார்த்த நேரம் பதினொன்று இருபது. சொன்ன நேரம் பதினொன்று இருபது.